வெந்த கிழங்குக்கு இரண்டு மணி நேரமே கெடு



உருளைக்கிழங்கு மசியல் நம் வீடுகளில் எல்லோருக்கும் பிடித்த பதார்த்தம். பல் முளைக்காத குழந்தைக்கும் கொடுக்கலாம், பல் விழுந்த பாட்டிக்கும் கொடுக்கலாம். நம் உறுப்பினர்களில் சிலர் டிபன் கடை, போண்டாக் கடை வைத்து இதிலேயே பிழைக்கிறார்கள். "காலையில செஞ்சது பொழுதோட வரைக்கும் நல்லாத்தானுங்க இருக்குது, எதுக்குக் கொட்டணும்?" என்று குழுக் கூட்டங்களில் பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். காசு போட்டு வாங்கிய பொருளாச்சே! அதற்கான பதில்தான் இந்த மாதப் பாடம்.

வாங்குவதும் வைப்பதும்

மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் ஊட்டிக் கிழங்கோ, வெளிமாநிலக் கிழங்கோ, எதுவானாலும் கெட்டியாக இருக்க வேண்டும். பச்சை நிறம் ஏறியது, முளை விட்டது, சுருங்கியது வேண்டாம். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகும். அப்போது சோலனின் என்ற நச்சும் கூடும். வேக வைத்தாலும் அது போகாது. லண்டனில் ஒரு பள்ளியில் 1969-ம் ஆண்டு, விடுமுறைக்கு முன் வாங்கி மீதி வைத்திருந்த கிழங்கைச் சமைத்துச் சாப்பிட்ட 78 மாணவர்களுக்கு வாந்தி, பேதி வந்தது.

கிழங்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல், சாக்கிலோ கூடையிலோ, இருட்டான காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். வெங்காயத்தோடு சேர்த்து வைக்க வேண்டாம். இரண்டுமே சீக்கிரம் கெடும்.

செய்முறை (4 பேருக்கு)

அரைக் கிலோ கிழங்கை மண் போகத் தேய்த்துக் கழுவி, தோலோடு வேக வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தோலை உரித்து, சுத்தமான மத்தால் மசியுங்கள். எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, 10 சின்ன வெங்காயம், 2 பச்சை மிளகாய் தாளித்து, மஞ்சள் தூளும் உப்பும் சேர்த்து, மசித்த கிழங்கைப் போட்டு ஆவி பறக்கக் கிளறி இறக்குங்கள். கிழங்கில் மாவுச்சத்துதான் அதிகம். அதனால் பருப்பும் கீரையும் கூட இருக்கட்டும்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு, காரமும் உப்பும் சேர்க்காமல் நெய் விட்டு, அப்போதைக்கு வேண்டிய அளவு மட்டும் தனியாக மசித்துக் கொடுங்கள். எச்சில் கரண்டி பட்ட மிச்சத்தை எடுத்து வைக்காதீர்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

மண்ணிலிருந்து வரும் சில கிருமிகளின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு, கிழங்கு ஆறிக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகும். சிலது விஷத்தையும் கக்கும். அதில் சில விஷங்கள் திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. வாசமும் மாறாது, ருசியும் மாறாது. "மோந்து பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்பது போதாது.

அமெரிக்காவில் எல் பாசோ நகரில் 1994-ம் ஆண்டு ஓர் உணவகத்தில், அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட கிழங்கைப் பல நாள் வெளியிலேயே வைத்திருந்து, பிறகு மசித்துப் பரிமாறினார்கள். 30 பேருக்கு நரம்பைத் தாக்கும் பொட்டுலிசம் நோய் வந்தது. சிலருக்கு மூச்சு விடவே இயந்திரம் தேவைப்பட்டது.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள் என்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

நாம் செய்ய வேண்டியவை

• வேலைக்குப் போகிறவர்கள் காலை 6 மணிக்குச் செய்த மசியலைத் தூக்குப்போசியில் கொண்டு போய் மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டால் ஏழு மணி நேரம் ஆகிறது. மசியலை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு, போசிக்குப் புளிச்சாதம் கட்டுங்கள். புளிப்பு உள்ள சாப்பாடு இதைவிட நேரம் தாங்கும்.
• கடை வைத்திருப்பவர்கள் மொத்தத்தையும் காலையிலேயே வேக வைக்காமல், காலைக்கு ஒரு ஈடு, சாயந்தரத்துக்கு ஒரு ஈடு என்று பிரித்து வேக வையுங்கள். வேகாத கிழங்கு நாளைக்கும் இருக்கும், வெந்தது இருக்காது.
• பிரிட்ஜ் இருந்தால், அகலமான பாத்திரத்தில் பரப்பி, சீக்கிரம் ஆற வைத்து, மூடி உள்ளே வையுங்கள். மறுநாளே தீர்த்து விடுங்கள். ராத்திரியில் நெடுநேரம் கரண்ட் போயிருந்தால் நம்ப வேண்டாம்.
• எடுத்ததை நடுவிலும் ஆவி வரும் வரை சூடாக்குங்கள். ஒரு தடவைதான், மீதியை மறுபடி வைக்காதீர்கள்.

வாந்தி, பேதி வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். கண் இமை தொங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, விழுங்க முடியாமல் போனாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அரைக் கிலோ கிழங்கைக் கொட்டினால் மனசு வலிக்கத்தான் செய்யும். ஆனால் அதைச் சாப்பிட்டுப் படுத்தால் கூலி போகும், ஆட்டோ வாடகை போகும், ஆட்டுக்கென்று குழுவில் வாங்கிய கடன் வைத்தியத்துக்குப் போகும். கொட்டாமல் இருக்க ஒரே வழி, வேண்டிய அளவு மட்டும் வேக வைப்பது.

குழுவில் கலந்து பேசுங்கள்

1. நம் வீட்டில் சமைப்பதற்கும் சாப்பிடுவதற்கும் இடையே எத்தனை மணி நேரம் ஆகிறது?
2. கிழங்கை எங்கே வைத்திருக்கிறோம்? அங்கே வெளிச்சம் படுகிறதா?
3. கடை வைத்திருக்கும் உறுப்பினர் இரண்டு ஈடாக வேக வைத்தால் விறகு, கேஸ் செலவு எவ்வளவு கூடும்? கொட்டுவது எவ்வளவு குறையும்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.