மரத்தடியில் கிடைத்த டப்பா

கேள்வி: ஆரிகன் காட்டுப்பாதையில் நடந்தபோது, விழுந்து கிடந்த மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா தென்பட்டது. உள்ளே பெயர்கள் எழுதிய நோட்டும் சில பொம்மைகளும் இருந்தன. எடுத்துக்கொள்ளலாமா? – வாசகர், போர்ட்லண்ட்

பதில்: கிடைத்தது ஒரு விளையாட்டுக்காக ஒளித்துவைக்கப்பட்ட புதையல்தான், ஆனால் அதற்கு உரியவர் இருப்பதால், டப்பாவை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே மறைத்து வைப்பதே முறை. ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை, அட்சரேகை, தீர்க்கரேகைக் குறிப்புகளைக் கொண்டு ஜிபிஎஸ் கருவியின் துணையுடன் பிறர் தேடிக் கண்டுபிடிக்கும் இவ்விளையாட்டு ‘ஜியோகேச்சிங்’ எனப்படும். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியதையடுத்து, மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் அதே ஆரிகனில், பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியை ஒளித்துவைத்ததே இதன் தொடக்கமாகும். டப்பாவிலுள்ள நோட்டு, கண்டவர்கள் பெயரும் தேதியும் பதியும் ஏடாகையால், தற்செயலாகக் கண்டவரும் அதில் தாராளமாக எழுதலாம்; பொம்மை ஒன்றை எடுப்பவர் அதற்கு ஈடான பொருளொன்றை வைக்க வேண்டும் என்பது மரபு. தின்பண்டம் மட்டும் கூடாது. மோப்பம் பிடித்து வரும் விலங்குகள் டப்பாவையே கடித்துக் குதறிவிடும். எனவே பெயரை எழுதி, மழைநீர் புகாதபடி மூடியை இறுக்கி, பழைய இடத்திலேயே வைத்துவிடுக.