கல்லாவில் அமராதவரின் பொறுப்பு

 

கடையில் முதலாளி என்றோ மானேஜர் என்றோ பெயர் பெறாத ஒருவர், தம் வேலையில் முன்னின்று நடத்தும் திறமையை எப்படி வளர்த்துக்கொள்வது? இதுவே இம்மாதப் பாடம். சிப்பந்திகளுக்காக எழுதப்படுவதாயினும், முதலாளிமாரும் இதை ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டுகிறோம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

செடெனாக்கிலும் கூலாய் வட்டாரத்திலும் உள்ள நம்மவர் கடைகளை எண்ணிப் பாருங்கள். அநேகக் கடைகள் ஒரே மனிதரின் தலையில் நிற்கின்றன. சரக்குப் போடுகிறவருக்கு எவ்வளவு பாக்கி, எந்த வீட்டுப் பற்று எந்தத் தேதியில் வரும், சீனியும் மாவும் எப்போது தீரும் என்பதெல்லாம் அவர் மனத்தில் மட்டுமே இருக்கும். அவர் ஹஜ்ஜுக்குப் போனாலும், ஆஸ்பத்திரியில் படுத்தாலும், கடையில் நான்கு பேர் இருந்தும் வியாபாரம் தட்டுக்கெட்டுப் போகிறது. மகன் படித்து வேறு உத்தியோகத்துக்குப் போய்விடுகிறான். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தகப்பனார் ஓய்ந்ததும் கடைக்குப் பூட்டு விழுகிறது. பல்லாண்டு காலம் சேர்த்த வாடிக்கையும் நாணயமும் அந்தப் பூட்டோடு முடிந்துபோகின்றன.

ரப்பரும் செம்பனையுமாக இருந்த இப்பகுதியில் இன்று செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவும் அதனுள் தரவு மையங்களும் எழுந்துள்ளன. புது வாடிக்கை வரும் என்று நாம் மகிழ்கிறோம். கெட்டிக்காரப் பையனுக்கு நம் கடையைத் தவிர வேறு வாசல்களும் திறந்திருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

முன்னோர் ஆள் பழக்கிய முறை

மலாயாவில் ஆளைப் பழக்குவதில் பெயர் பெற்றவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். அவர்கள் செய்த வட்டித் தொழில் நமக்கு ஆகாதது. ஆள் பழக்கிய முறையோ நாம் கற்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பினாங்கு, சிங்கப்பூர் முதலிய இடங்களில் அவர்கள் பெட்டி வைத்துத் தொழில் நடத்தினர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே அவருடைய பிரதிநிதியான மேலாள், பொதுவாக மூன்று வருஷக் கணக்கில் வந்து தொழிலைப் பார்ப்பார். அவருக்குக் கீழே அடுத்தாள். எல்லாருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பையன் கிட்டங்கியிலேயே உண்டு, உறங்கி, ஏவல் வேலை செய்தபடியே மனக்கணக்கும் பேரேடும் ஐந்தொகையும் கற்றுக்கொள்வான். அதிகாரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே வேலை கைவந்துவிடும்.

இதன் அருமை யுத்தத்தில் தெரிந்தது. 1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. 1945-ல் ஜப்பான் சரணடையும் வரை, சுமார் மூன்றரை வருஷம், ஊரிலிருந்து வழக்கம்போல் கடிதமோ உத்தரவோ வர வழியில்லை. நகரத்தார் பெட்டிகளுக்கு மட்டுமன்று, ஊரில் முதலாளியை வைத்துக்கொண்டு இங்கே நடந்த நம்மவர் கடைகளுக்கும் இதே கதிதான். யாருக்குக் கடன் கொடுப்பது, ஜப்பான் நோட்டை எவ்வளவு நம்புவது, சரக்கை எங்கே வைப்பது என்பதையெல்லாம் இங்கிருந்தவர்களே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. ஏவினால் மட்டும் செய்யப் பழகியவர் அப்படிப்பட்ட காலத்தில் என்ன செய்திருக்க முடியும்?

நம் சரித்திரத்திலும் இதற்குச் சான்று உண்டு. ஹிஜ்ரி 5-ல் (கி.பி. 627) மதீனாவைப் பெரும் படை நெருங்கியபோது அகழி வெட்டலாம் என்ற யோசனையைச் சொன்னவர் ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள். அவர் படைத்தலைவரல்லர், அடிமை வாழ்விலிருந்து விடுபட்டு அதிக காலம் ஆகாதவர், அயல்நாட்டார். தமக்குத் தெரிந்ததைத் தக்க சமயத்தில் சொன்னார். நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்றதோடு, தாமே மண்ணும் சுமந்தார்கள். சொல்லத் துணிந்தவருக்கும் கேட்க இசைந்தவருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

பழகிக்கொள்ள வேண்டியவை

1. கடை முழுவதையும் அறிதல். தராசில் நிற்பவர் தராசோடு நின்றுவிடலாகாது. தோட்டத்துச் சம்பளம் போட்ட வாரத்தில் எது அதிகம் போகிறது, பெருநாளுக்கும் தீபாவளிக்கும் எவ்வளவு நாள் முன்பு எண்ணெய்க்கும் மாவுக்கும் சொல்லிவைக்க வேண்டும் என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. யாருக்கும் சொல்லப்படாத வேலையை எடுத்தல். தேதி தாண்டப் போகும் பால் டின்னை முன்வரிசைக்குக் கொண்டுவருவது யார் வேலை? டிசம்பர் மழைக்கு முன் அரிசி மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கிப் பலகைமேல் அடுக்குவது யார் வேலை? பேர் போட்டுக் கொடுக்கப்படாத இத்தகைய வேலைகளில்தான் பொறுப்பு வளர்கிறது. 2006 டிசம்பரிலும், மீண்டும் 2023 மார்ச்சிலும் ஜொகூரில் ஏறிய வெள்ளம், யாராவது உத்தரவிடட்டும் என்று காத்திருக்கவில்லை.

3. கெட்ட செய்தியை உடனே சொல்லுதல். கணக்கு இடித்தால், சரக்குக் குறைந்தால், முதலாளியைத் தனியே கண்டு அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். சொல்லும்போது, “இப்படிச் செய்தால் சரிப்படும் என்று நினைக்கிறேன், முதலாளி” என்று ஒரு வழியும் சேர்த்துச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் எதிரில் சொல்வது புத்தியன்று.

4. தெரிந்ததை மறைக்காமை. தமக்கு மட்டும் தெரிந்தால் தம்மை விலக்க முடியாது என்று சிலர் எண்ணுகின்றனர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் லீவு எடுக்கவும் முடியாது. மேலே போகவும் முடியாது. தம் இடத்துக்கு இன்னொருவரைத் தயார் செய்தவரைத்தான் மேல் இடத்துக்கு அனுப்ப இயலும். புதிதாக வந்த தம்பிக்குச் சொல்லிக் கொடுங்கள். அவன் நன்றாகச் செய்த வேலையை அவன் பெயராலேயே முதலாளியிடம் சொல்லுங்கள். உங்கள் வார்த்தைக்கு மற்றவர் மனமொப்பிக் கட்டுப்படுவது அதனால்தான்.

எல்லை

தலையிருக்க வால் ஆடலாகாது. உத்தரவின்றிக் கடன் கொடுப்பதும், விலை குறைப்பதும், சக சிப்பந்தியை அதட்டுவதும் முன்னின்று நடத்துவதாகா. பணமும் கடனும் முதலாளியின் எல்லை. வேலையின் ஒழுங்கும், சரக்கின் பாதுகாப்பும், வாடிக்கையாளரின் மனமும் நம் கைக்கு எட்டியவை. எட்டியதை ஒழுங்காகச் செய்து காட்டினால் எல்லையும் விரியும்.

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை

பொறுப்பை மட்டும் ஏற்றிவிட்டுப் பலனைத் தராமல் இருப்பது நியாயமாகாது. பெயர் தர இயலாவிட்டாலும் கூலி தர இயலும். முதலில் ஒரு பகுதியை, சிறு கொள்முதலை மட்டுமாவது, அவர் கையில் விடுங்கள். ஒரு குறிப்பிட்ட வெள்ளி வரையில் அவரே முடிவு செய்யட்டும்; மாதக் கடைசியில் கணக்கைக் கேளுங்கள். தவறினால் திருத்துங்கள், கையைப் பிடுங்காதீர்கள். கடைக்கு வாரிசு இல்லையென்றால், உழைத்தவரைப் பங்காளியாகச் சேர்ப்பது பற்றியும் உயிரோடிருக்கும்போதே யோசித்து எழுத்தில் வையுங்கள். இடம் கொடுக்கப்படாதவர் ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுவார். நாம் பழக்கிய ஆள் பிறருக்குப் பயன்படுவார். நம் கடை ஆளின்றி நிற்கும்.

வீட்டில் யோசிக்க

அ. முதலாளி ஒரு மாதம் வராவிட்டால் நம் கடையில் முதலில் நின்றுபோகும் வேலை எது?

ஆ. அந்த வேலையை இன்று கற்றுக்கொள்ளத்தக்கவர் யார்? அவரிடம் அதைப் பற்றி யாராவது பேசியிருக்கிறோமா?

இ. இந்த மாதம் நாம் யாருக்கு எதைச் சொல்லிக் கொடுத்தோம்?

இம்மூன்றுக்கும் ஒவ்வொரு கடையிலும் முதலாளியும் சிப்பந்தியும் சேர்ந்து உட்கார்ந்து விடை காண வேண்டும். ஒரு மாலைப் பொழுது போதும். செலவு ஒரு கோப்பைத் தேநீர்தான்.