பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டியரிங் தளர்ச்சி: காரணம் காணும் முறை

மோட்டார் வண்டியை ஓட்டுபவர் ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பும்போது, அத்திருப்பம் ஸ்டியரிங் தண்டு, பினியன் எனப்படும் சிறு பற்சக்கரம், பற்சட்டம், இணைப்புத் தண்டுகள் ஆகியவற்றின் வழியே சென்று முன் சக்கரங்களை அடைகின்றது. இவ்வழியில் எங்கேனும் தேய்மானத்தால் இடைவெளி விழுந்துவிடுமாயின், கையின் அசைவில் ஒரு பகுதி அவ்விடைவெளியை நிரப்புவதிலேயே செலவாகிவிடும். இதுவே ஸ்டியரிங் தளர்ச்சி. பட்டறைகளில் இதனைப் 'பிளே' என்று வழங்குவர். மற்றொரு குறையும் உண்டு. இடைவெளி ஒன்றும் இல்லாதிருந்தும் ஸ்டியரிங் கனத்துப் போதல், திருப்பிய பின் கையைத் தளர்த்தினால் தானாக நேர்நிலைக்கு மீளாதிருத்தல் ஆகியன அதன் அடையாளங்கள். வண்டிக்கு உரியவர் இரண்டையும் 'ஸ்டியரிங் சரியில்லை' என்ற ஒரே தொடரால் கூறிவிடுவார். பரிசோதிப்பவர் முதற்கண் இவற்றைப் பிரித்தறிதல் வேண்டும். ஏனெனில் ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றொன்றுக்குத் தீங்காய் முடியும்.

விளக்கத்தின் பொருட்டு 'டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்' என்னும் ஆங்கில நாட்டு ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1962ஆம் ஆண்டில் வெளிவந்து 1980 வரை தயாரிக்கப்பெற்ற இவ்வண்டி, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டது. இதன் முன்புறப் பொறியமைப்பு, 1959இல் தோன்றிய டிரையம்ப் ஹெரால்டு வண்டியினின்றும் பெறப்பட்டதாகும். அந்த ஹெரால்டே 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாராயிற்று. ஆதலின் முன்புறத்தைப் பற்றி இங்குக் கூறுவனவற்றில் பெரும்பகுதி அவ்வண்டிக்கும் பொருந்தும். பயிற்சி நிலைய ஆசிரியர்களுக்கு இவ்விரு வண்டிகளும் மிக வாய்ப்பானவை. எஞ்சின் மூடியும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்புறம் கவிழ்ந்து திறப்பதால், மாணவர் பத்துப் பேர் சூழ்ந்து நின்றாலும் ஸ்டியரிங் அமைப்பு முழுவதும் அனைவர் கண்ணுக்கும் புலப்படும்.

சோதனைக்கு இருவர் தேவை. வண்டியின் நான்கு சக்கரங்களும் தரையில் ஊன்றியிருக்க, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் இருக்கையில் அமர்ந்து ஸ்டியரிங் சக்கரத்தை இரு புறமும் சிறிதளவு ஆட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும். மற்றவர் முன்புறம் நின்று, தண்டிலிருந்து தொடங்கி ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்து வருவார். ஓர் இணைப்பினுள் செல்லும் அசைவு அதே அளவில் மறுபுறம் வெளிப்படுகிறதா என்பதே அவர் காண வேண்டியது. உட்செல்வது வெளிவராவிடில் குறை அவ்விடத்தேயே உள்ளது. கண்ணுக்குத் தெரியாத சிற்றசைவை, மூட்டின் இரு பகுதிகளிலும் படுமாறு விரலை வைத்து உணரலாம். இச்சோதனைக்கு வண்டியைத் தூக்கி நிறுத்துதல் கூடாது. தரையின் எதிர்ப்பு இருந்தால்தான் தேய்ந்த மூட்டு தன் தேய்மானத்தைக் காட்டும்.

தண்டின் மேற்புறத்தில் உள்ள புஷ்கள் தேய்ந்திருப்பின் ஸ்டியரிங் சக்கரம் மேலும் கீழும் ஆடும். இது ஓட்டுபவரை அச்சுறுத்துமேயன்றித் திசை திருப்பும் அசைவில் ஒன்றையும் குறைப்பதில்லை. அடுத்துக் கீழே, தண்டையும் பினியனையும் சேர்ப்பது ரப்பர் பொதிந்த ஓர் இணைப்பு. ரப்பர் முதிர்ந்து வெடித்திருந்தால் அசைவு அங்கே வீணாகும். புதிய இணைப்பைப் பொருத்துவோர், அதன் குறுக்கே செல்லும் சிறு மின்கம்பியை மறந்துவிடுதல் உண்டு. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. கம்பி இல்லையேல் ஹாரன் ஒலிக்காது.

தளர்ச்சிக்கு மிகுதியும் காரணமாவது பற்சட்டத்தின் பிடிப்பேயாகும். பற்சட்டத்தை உள்ளடக்கிய குழாய், ரப்பர் புஷ்களின் மேல் அமர்த்தப்பட்டு, 'யு' வடிவ மரையாணிகளால் சட்டகத்தோடு இறுக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய் பல ஆண்டுகள் படிந்து அந்த ரப்பரை ஊறச் செய்து மென்மையாக்கிவிடும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால், பற்சட்டம் குழாயினுள் நகர்வதற்கு முன்னர்க் குழாயே பக்கவாட்டில் நகரும். இதன் விளைவைச் சிறு கணக்கால் மாணவர்க்கு உணர்த்தலாம். ஸ்டியரிங் சக்கரத்தின் விட்டம் 40 செ.மீ. எனில் அதன் சுற்றளவு ஏறத்தாழ 126 செ.மீ. ஆகும். ஒரு முழுச் சுற்றுக்குப் பற்சட்டம் 3 செ.மீ. நகர்வதாகக் கொள்வோம். அங்ஙனமாயின் குழாயில் ஏற்படும் 1 மி.மீ. நகர்வு, ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பில் 42 மி.மீ. அளவாகப் பெருகித் தோன்றும். ஒரு நகத்தின் கனத்துக்குச் சற்றே மிகுந்த இடைவெளி, ஓட்டுபவரின் கையில் ஏறத்தாழ இரண்டு விரற்கடை வெற்றசைவாகிறது! ஆயினும் இதற்குத் தேவைப்படுவது ஓர் இணை ரப்பர் புஷ்களே.

இவ்வாறு தேடிப் பாராமல், பற்சட்டத்தைப் பினியனோடு அழுத்திப் பிடிக்கும் வில்லின் தகடுகளைக் குறைத்து இறுக்கிவிடுதல் சில பட்டறைகளின் வழக்கம். இது எளிது, உடனே பயன் தந்தது போலவும் தோன்றும். ஆனால் பற்சட்டம் தன் முழு நீளத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் நடுப்பகுதிப் பற்களே மிகுதியாகத் தேய்கின்றன. நடுவில் உள்ள தளர்ச்சி நீங்கும்வரை இறுக்கினால், தேயாத இரு ஓரங்களிலும் பற்கள் இறுகிப் பிடிக்கும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் மீளாமல் நின்றுவிடுவதற்கு இதுவே போதும். நடுப்பற்கள் உண்மையாகவே தேய்ந்திருந்தால் பற்சட்டத்தையே மாற்றுதல் வேண்டும்.

இணைப்புத் தண்டுகளின் முனையிலுள்ள பந்து மூட்டுகளைச் சோதித்த பின்னரே வண்டியை உயர்த்தலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ்க் கை வைத்தல் ஆகாது. உறுதியான தாங்கிகளின் மேல் சட்டகத்தை இருத்துக. பின்னர்ச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் சிறிது அசைவு தெரியும். இங்கு அவசரப்பட்டு முடிவு செய்தல் தவறு. கூம்பு உருளை பேரிங்குகளில் மயிரிழை அளவு இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. அசைவு அதனினும் மிகுதி எனில், உதவியாளரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுக. அசைவு மறைந்தால் குறை பேரிங்கில். மறையாவிடில் அதற்கு அப்பாலுள்ள மூட்டுகளில்.

முன்புறம் எல்லாம் செம்மையாக இருந்தும் வண்டி நேர்ச்சாலையில் அலைவதுண்டு. டயர்க் காற்றழுத்தம் முதலில் பார்க்கத்தக்கது. குறைவாக ஓடும் பழைய வண்டிகளில் டயரின் வரிகள் ஆழமாகவே இருந்தாலும் ரப்பர் முதுமையால் கட்டிப்பட்டிருக்கக்கூடும். பின் சக்கரங்களையும் மறத்தல் கூடாது. ஸ்பிட்ஃபயரின் பின் சக்கரங்களை முன்பின்னாக நகராமல் நிறுத்தும் தண்டுகள், இருக்கைகளின் பின்னே உடற்கூட்டின் தகட்டில் பொருத்தப்பட்டுள்ளன. அத்தகடு துருப்பிடித்தாலும், தண்டின் புஷ்கள் நைந்தாலும், பின் சக்கரங்கள் தாமே வண்டியைத் திசை திருப்பத் தொடங்கும். பழியோ ஸ்டியரிங்கின் மேல் விழும்.

இனி, ஸ்டியரிங் கனத்துப் போகும் குறையைக் காண்போம். தளர்ச்சியினும் இதுவே அபாயம் மிக்கது. ஆயினும் தளர்ச்சியைப் போல் இது எவரையும் விரைந்து பட்டறைக்கு அனுப்புவதில்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடிமுனை, மரையாக வெட்டப்பட்டு, டிரன்னியன் என்னும் உலோகப் பகுதியினுள் திருகப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறை வண்டி திரும்பும்போதும் அந்த மரை டிரன்னியனுள் சுழல்கின்றது. இதற்கு எண்ணெயே இடுதல் வேண்டும். பற்சக்கரப் பெட்டிகளில் பயன்படும் 90 எண் கெட்டி எண்ணெய் உகந்தது. கிரீஸ் இடுவோர் பலர். அது மரையின் இடுக்குகளிற் பரவாது, நாளடைவில் காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் நீர் புகுந்து எஃகு துருப்பிடிக்கும். துருவினால் உண்டாகும் சிறு குழிகளிலிருந்து விரிசல் தொடங்கும். வண்டியின் பாரமும் குலுக்கலும் அவ்விரிசலை நாள்தோறும் வளர்க்கும். முடிவில் தண்டு மரையின் அருகே முறிந்து, சக்கரம் மடிந்து வீழும். வண்டியை நிறுத்துமிடத்தில் முற்றாகத் திருப்பும்போது இது நேருமாயின் பொருள் நட்டத்தோடு போகும். விரைந்து செல்லுகையில் நேருமாயின் உயிர்ச்சேதம் ஆகலாம்.

இவ்விரிசலைக் கையால் ஆட்டிக் கண்டறிய இயலாது. முறியும் தறுவாயிலுள்ள தண்டிலும் பிளே சிறிதும் இல்லாதிருக்கலாம். வரலாறு அறியப்படாத வண்டியை முதன்முறை ஏற்கும்போது, டிரன்னியனைக் கழற்றி, மரையைத் துப்புரவாகத் துடைத்து, உருப்பெருக்காடி கொண்டு நோக்குதலே வழி. குழியோ துருவோ காணப்படின் தண்டைத் தேய்த்து மெருகிடாமல் மாற்றிவிடுக. திரும்பப் பொருத்துகையில் இடப்புற, வலப்புறத் தண்டுகளின் மரைகள் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டிருப்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பணி முடிந்தபின் முன் சக்கரங்களின் நேரமைப்பை அளந்து சரிசெய்க.

எண்ணெய் இடும் முறை எளிது. டிரன்னியனில் உள்ள அடைப்பானைக் கழற்றி, அங்கே நிப்பிளைத் திருகி, எண்ணெய் நிரப்பிய கிரீஸ் துப்பாக்கியால், மேற்புறம் எண்ணெய் கசிந்து வரும்வரை செலுத்துதல் வேண்டும். அதிகம் ஓடாத வண்டிக்கும் ஆண்டுக்கு இரு முறையேனும் இதனைச் செய்க. மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை செய்வது நலம். செலுத்தும்போது எண்ணெய்க்கு முன்னால் துருநிறமான நீர் வெளிப்படுமாயின், வண்டியை மீண்டும் சாலைக்கு அனுப்பாமல் அன்றே டிரன்னியனைக் கழற்றுக.