விற்பவர் கட்டும் வரி

அன்புள்ள தம்பிக்கு,

ரியல் எஸ்டேட் லைசென்ஸ் வாங்கிய கையோடு மிச்சிகனின் ஹிகின்ஸ் ஏரிக்கரையில் கேபின் கேட்டு ஒரு குடும்பம் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். கிணறு, செப்டிக் டேங்க், படகுத்துறை எல்லாம் போகப்போகப் பிடிபட்டுவிடும். வரியைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதில் நான் அடிபட்டவன்.

என் முதல் ஏரிக்கரை விற்பனையில், லிஸ்டிங்கில் இருந்த வருட வரியை வாங்குபவரிடம் அப்படியே ஒப்பித்தேன். மறு கோடையில் அவர் பில்லோடு வந்தார். திட்டவில்லை. "நீங்கள் சொன்ன தொகை இதில் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

லிஸ்டிங்கில் இருந்தது விற்பவர் கட்டிய வரி. மிச்சிகனில் அஸெஸ்ஸர் குறிக்கும் மதிப்பு சந்தை விலையில் பாதி. ஆனால் 1994-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 'ப்ரொபோசல் ஏ'யின்படி, வரிக்குரிய மதிப்பு வருடத்துக்கு 5 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இதில் எது குறைவோ அதற்கு மேல் ஏறாது; புதிதாகக் கட்டிச் சேர்த்தால்தான் கூடும். ஏரிக்கரை நிலம் அந்த வேகத்திலா ஏறியது? வீடு கைமாறிய மறு வருடம் இந்த வரம்பு என்னும் மூடி கழன்று, வரிக்குரிய மதிப்பு அஸெஸ்ஸரின் மதிப்புக்கே தாவிவிடும். இதைத்தான் 'அன்கேப்பிங்' என்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கேபின் விலை 4 லட்சம் டாலர். பாதி, 2 லட்சம். பல காலமாக அங்கேயே குடியிருக்கும் விற்பவரின் வரிக்குரிய மதிப்பு 60,000 என்று வை. ஆயிரத்துக்கு ஒரு டாலர்தான் ஒரு மில். 25 மில் என்றால் அவர் கட்டுவது 1,500. உன்னிடம் வந்த குடும்பம் ட்ராய் நகரில் குடியிருப்பவர்கள். சொந்தக் குடியிருப்புக்கான விலக்கை அங்கே எடுத்திருப்பார்கள். கேபினுக்கும் சேர்த்துக் கேட்க முடியாது. அதனால், விற்பவருக்கு அந்த விலக்கால் விழாத பள்ளிக்கூட வரி, 18 மில் வரை, கூடுதலாகச் சேரும். 43 மில், 2 லட்சத்துக்கு: 8,600 டாலர்.

வாங்கிய வருடம் இது கண்ணில் படாது என்பதுதான் வில்லங்கம். வரிக்காக பேங்க் மாதாமாதம் பிடிக்கும் எஸ்க்ரோ தொகையும் பல சமயம் பழைய வரியை வைத்தே போடப்படும். பிறகு துண்டு விழுந்து மாதத் தவணை எகிறும். உரிமை மாற்றப் படிவத்தை 45 நாளுக்குள் கொடுக்கச் சொல். மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால் மார்ச் மாத ரிவ்யூ போர்டில் முறையிடலாம். அன்கேப்பிங்கை எதிர்த்து அழுது பயனில்லை; அது சட்டம். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வீட்டுக்கு, வாடகை வியாபாரம் பண்ணாதவரை, அதிலிருந்து விலக்கு உண்டு. சில லிஸ்டிங்கில் வரி நம்ப முடியாத அளவு குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரி தவிர இன்னொரு செலவும் உண்டு. ஏரியில் மில்ஃபாயில் என்னும் நீர்க்களை மண்டினால் மருந்தடிக்கும் செலவைக் கரை வீட்டுக்காரர்கள் தலையில் தனி வசூலாகப் போடுவார்கள். சாக்கடைக் குழாய் போட்டாலும் அப்படித்தான். அது மில் கணக்கில் வராது. எத்தனை வருடம் பாக்கி என்று டவுன்ஷிப்பில்தான் கேட்க வேண்டும்.

ஆஃபர் எழுதுவதற்கு முன்பே கேட்டுவிடு. போகும் முன் ஒரு போன் போடு. வடக்கே சில டவுன்ஷிப் ஆபீஸ்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் திறந்திருக்கும்.

அன்புடன்,
அண்ணன்