நீங்கள் இல்லாத நாளிலும் கடை திறந்திருக்க வேண்டும்
சிறு வெப்சைட் தொழில் தொடங்குவோருக்கு ஒரு பாடம்



எங்கள் ஆலோசனை மேசைக்கு வருகிற இளம் ஆட்களில் பலர் கொம்பியூட்டர் தெரிந்தவர்கள். "ஊரிலை கடைக்காரருக்கு வெப்சைட் செய்து குடுத்தனான். இங்கையும் அதைச் செய்து பிழைக்கலாமோ?" என்று கேட்கிறார்கள். செய்யலாம். நியூ ஜேர்சியில் எடிசன், ஐஸ்லின் பக்கம் ஓக் ட்ரீ றோட்டில் ஒருக்கால் நடந்து பாருங்கள்: நகைக்கடை, சேலைக்கடை, சாப்பாட்டுக்கடை என்று வரிசையாக இருக்கும். பே ஏரியாவில் பிரீமொன்ட், சன்னிவேல், டெக்சாஸில் இர்விங், பிளேனோ பக்கமும் எங்கள் ஆட்களின் வியாபாரங்கள் இருக்கின்றன. நடன வகுப்பு ரீச்சரும் கேட்டரிங்காரரும் உங்கள் வாடிக்கையாளர் ஆகலாம்.

ஆனால் அசைலம் கேட்டு நிற்கிறவருக்கு மற்ற டிசைனருக்கு இல்லாத ஒரு நிலைமை உண்டு. வேலை அனுமதி அட்டைக்கு முடிவு தேதி இருக்கிறது. கேஸ் விசாரணை வரும். திடீரென்று வேறு மாநிலத்துக்குப் போகவும் நேரலாம். அந்த நேரம் உங்களை நம்பிய கடைக்காரரின் வியாபாரமும் சேர்ந்து நின்றுவிடக் கூடாது. இந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்.

1. முதலில் வேலை அனுமதி

பெடரல் சட்டப்படி, அசைலம் விண்ணப்பம் கொடுத்து 180 நாள் முடியும் முன் அந்த விண்ணப்பத்தின் பேரில் வேலை அனுமதி கொடுக்க முடியாது. இதற்கான படிவம் ஐ-765. முதல் அனுமதிக்கு 2025 ஜூலையில் வந்த சட்டம் குறைந்தது 550 டொலர் கட்டணம் வைத்தது. அது வருடா வருடம் கூடலாம். மற்ற விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே விண்ணப்பிக்கிற வாரத்திலேயே லோயரிடமோ எங்களிடமோ கேட்டுச் சரிபாருங்கள்.

அட்டை கைக்கு வந்தால் சம்பள வேலையும் செய்யலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். வர முன்னம் செய்யாதீர்கள். காசைக் கையில் வாங்கினாலும் வேலை வேலைதான். "சினேகிதனுக்குச் சும்மா செய்து குடுக்கிறன்" என்றாலும், அது ஒரு வியாபாரத்துக்கான வேலை என்றால் கேள்வி வரலாம். ஊரில் இருக்கிற கடைக்கு இங்கே இருந்து செய்வதையும் லோயரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். காத்திருக்கிற மாதங்களில் படியுங்கள். பொது நூலகத்தில் கொம்பியூட்டர் பாவிக்கலாம். கற்பனையான ஒரு கடைக்கு மாதிரிப் பக்கம் செய்து வையுங்கள். பின்னால் வாடிக்கையாளருக்குக் காட்ட அது உதவும்.

கவனிக்க: 2025 ஒக்டோபர் 30 அன்றோ அதற்குப் பிறகோ புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்கு, பழைய அட்டை தானாக நீளும் வசதி நிறுத்தப்பட்டது. புது அட்டை வரப் பிந்தினால் நடுவில் வேலையை நிறுத்த வேண்டி வரும். அட்டையின் முடிவு தேதியைக் கலண்டரில் குறித்து, விதி அனுமதிக்கிற முதல் நாளிலேயே புதுப்பிக்கக் கொடுங்கள். அந்தத் தேதிக்குக் கிட்ட பெரிய வேலை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

2. செய்ய முன்னம் கேளுங்கள்

வாடிக்கையாளர் "ஒரு நல்ல வெப்சைட் வேணும்" என்பார். அதை வைத்துக்கொண்டு வேலை தொடங்க முடியாது. இந்த ஐந்தையும் கேட்டுப் பதிலை எழுதுங்கள்.

• இந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர் என்ன செய்ய வேண்டும்? போன் எடுக்க வேண்டுமா, ஓடர் கொடுக்க வேண்டுமா, வகுப்பில் சேர வேண்டுமா?
• எத்தனை பக்கம்? என்னென்ன பக்கம்?
• எழுத்தும் படமும் யார் தருவார்? எப்போது?
• முடிவு சொல்கிற ஆள் யார்? அப்பாவா, மகளா, பங்காளியா?
• பிறகு விலை, நேரம் மாறினால் அதை யார் மாற்றுவார்?

நாலாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அப்பா பச்சை என்பார், மகள் நீலம் என்பா. இரண்டு பேருக்கும் மாறி மாறிச் செய்து உங்கள் வாரம் போய்விடும்.

3. கதைத்ததைக் காகிதத்தில் வையுங்கள்

எங்கள் ஆட்களுக்குள் ஒப்பந்தம் கேட்கக் கூச்சம் இருக்கிறது. "என்ன தம்பி, என்னில் நம்பிக்கை இல்லையோ?" என்று அண்ணை கேட்டுவிடுவார் என்ற பயம். நல்ல மனதோடு தொடங்கிய வேலைகூட எழுத்து இல்லாமல் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெயர் பெற்ற வழக்கு இருக்கிறது.

1985 இல் வாஷிங்டனில் வீடற்றவர்களுக்கு உதவுகிற ஒரு தொண்டு அமைப்பு, ஜேம்ஸ் ஏர்ல் ரீட் என்ற பால்டிமோர் சிற்பியிடம் ஒரு சிலை செய்யக் கேட்டது. வீடில்லாத ஒரு குடும்பத்தின் சிலை அது. செலவு 15,000 டொலருக்கு மேல் போகாது என்று பேச்சு. சிற்பி தன் உழைப்புக்குக் கூலி கேட்கவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. காப்புரிமை பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. டிசம்பர் 24 அன்று சிலை வந்தது, காசும் கொடுத்து முடிந்தது. அடுத்த வருடம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோக அமைப்பு விரும்பியபோது, அந்தப் பொருள் பயணத்தைத் தாங்காது என்றார் சிற்பி. தகராறு வளர்ந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1989 ஜூன் 5 அன்று தீர்ப்பு: சிற்பி அந்த அமைப்பின் ஊழியர் அல்ல, தனியாக வேலை எடுத்துச் செய்தவர். ஆகவே காசு கொடுத்ததால் மட்டும் காப்புரிமை அமைப்புக்குப் போய்விடாது.

இது உங்களுக்கும் பொருந்தும். நீங்களும் தனியாக வேலை எடுத்துச் செய்கிறவர்தான். கடைக்காரர் முழுக் காசும் தந்தாலும், கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் வடிவமைப்பின் காப்புரிமை அவருக்கு மாறாது. இது அவருக்குத் தெரியாது. அவர் நம்பி இருக்கிறார். தெரிந்தவர் நீங்கள், ஆகவே நீங்களே எழுதிக் கொடுங்கள்.

ஒரு பக்கக் காகிதம் போதும்:

• என்ன செய்வேன் (பக்கங்களின் பட்டியல்). என்ன செய்ய மாட்டேன்
• எத்தனை முறை திருத்தம் (உதாரணமாக இரண்டு முறை), அதற்கு மேல் எவ்வளவு
• முடியும் தேதி. எழுத்தும் படமும் பிந்தினால் அந்தத் தேதியும் பிந்தும்
• மொத்தக் காசு, எந்த எந்தக் கட்டத்தில் எவ்வளவு
• கடைசிக் காசு வந்ததும் வடிவமைப்பின் உரிமை வாடிக்கையாளருக்கு
• இரண்டு பேரின் கையெழுத்தும் தேதியும்

900 டொலர் வேலை என்றால் தொடங்க 300, மாதிரி காட்டியதும் 300, பக்கம் திறக்கிற அன்று 300 என்று பிரியுங்கள். இரண்டு பக்கமும் பயம் குறையும்.

4. முகவரி யார் பெயரில்?

டொமைன் என்பது கடையின் இணைய முகவரி. கடைப் பலகை, விசிட்டிங் கார்ட், பை எல்லாவற்றிலும் அது அச்சாகிவிடும். அதை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவது உங்களுக்கு லேசு. நீங்கள் வேறு ஊர் போன பிறகு புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் உங்களுக்குத்தான் வரும், கடைக்காரருக்கு வராது. டொட் கொம் போன்ற முகவரி காலாவதியாகி நீக்கப்பட்டால், மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதற்கு வேறாகக் காசு கட்ட வேண்டும். அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் அதை வாங்கலாம்.

ஆகவே வாடிக்கையாளரின் பெயர், அவரின் மின்னஞ்சல், அவரின் வங்கி அட்டை என்று மூன்றும் அவருடையதாக இருக்கட்டும். அவர் பக்கத்தில் இருந்து பதிந்து கொடுங்கள். ஹோஸ்டிங்கும் அப்படியே. வேலை செய்ய உங்களுக்கு ஒரு தனி அனுமதி இருந்தால் போதும். காசு தராவிட்டால் பாஸ்வேர்டைப் பிடித்து வைக்கலாம் என்று யாராவது புத்தி சொன்னால் கேட்காதீர்கள். காசு வாங்குவதற்கு நேரான வழி இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் பாதுகாப்பையும் நினையுங்கள். தொழிலுக்கு நீங்கள் செய்கிற சொந்தப் பக்கத்தை ஊரில் இருக்கிறவரும் பார்ப்பார்கள். வீட்டு முகவரி, குடும்பப் படம், கேஸ் விஷயம் ஒன்றும் போடாதீர்கள். தபாலுக்குத் தபாற்பெட்டி எடுக்கலாம்.

5. எல்லாரும் வாசிக்கக்கூடிய பக்கம்

சில கடைக்காரர் தமிழ் எழுத்தைப் பாமினி எழுத்துருவில் அடித்துத் தருவார்கள். அதை அப்படியே போட்டால், அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். கூகிளில் தமிழில் தேடினாலும் வராது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே போடுங்கள். மாற்றியதும் ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள். கொம்பும் அரவும் இடம் மாறியிருந்தால் பிடிபடும்.

சாப்பாட்டுப் பட்டியலைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போடுங்கள். கண் தெரியாதவர்கள் பக்கத்தை வாசித்துக் காட்டுகிற மென்பொருளை வைத்துப் பாவிக்கிறார்கள். படத்தில் இருக்கிற எழுத்தை அது வாசிக்காமல் விடும். கண் தெரியாத ஒருவர் இணையத்தில் பீட்சா ஓடர் கொடுக்க முடியாமல் டொமினோஸ் மீது கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் அந்த வெப்சைட்டுக்கும் பொருந்தும் என்று 2019 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சிறு கடைகளுக்கும் இப்படி வழக்குகள் வருகின்றன. உங்கள் வாடிக்கையாளரை அந்த வழியில் விடாதீர்கள்.

கூகிளில் கிடைக்கிற படத்தை எடுத்து ஒட்டாதீர்கள். சொந்தக்காரர் நட்ட ஈடு கேட்கலாம். நல்ல வெளிச்சத்தில் கடைக்குப் போய் போனிலேயே படம் எடுங்கள்.

6. காசும் வரியும்

சொந்தத் தொழிலில் ஒருவரும் உங்கள் வரியைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். வருட லாபம் 400 டொலர் வந்தாலே பெடரல் வரிப் பத்திரம் கொடுக்க வேண்டும். சுயதொழில் வரி எப்படி வரும் என்று ஒரு கணக்குப் பார்ப்போம்:

வரவு 900, செலவு 100, லாபம் 800 டொலர். அதில் 92.35 சதவீதம் 738.80. அதற்கு 15.3 சதவீதம், கிட்டத்தட்ட 113 டொலர்.

வருமான வரி இதற்கு மேலே. ஆகவே வந்த காசில் ஒரு பங்கை வேறு கணக்கில் ஒதுக்கி வையுங்கள். வருட முடிவில் 1,000 டொலரோ அதற்கு மேலோ வரி பாக்கி வரும்போல இருந்தால், ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என நாலு தவணையாக முன்கூட்டிக் கட்ட வேண்டும். ஒவ்வொரு ரசீதையும் வையுங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் உண்டு. நியூ ஜேர்சியில் உங்கள் பெயர் இல்லாத கடைப்பெயர் வைத்தால் கவுண்டி கிளார்க்கிடம் பதிய வேண்டும். மாநில வரிப் பதிவும் உண்டு. கலிபோர்னியாவில் எல்எல்சி தொடங்கினால் லாபம் இல்லாவிட்டாலும் வருடம் 800 டொலர் வரி. அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. ஆனால் வெப்சைட் செய்வதற்கு விற்பனை வரி உண்டு, கட்டணத்தின் 80 சதவீதத்துக்கு.

7. காசு வராவிட்டால்

முதலில் மரியாதையாக ஒரு கடிதம்: என்ன செய்தேன், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் வேண்டும். பிறகு சிறு கோரிக்கை நீதிமன்றம். நியூ ஜேர்சியில் 5,000 டொலர் வரை, கலிபோர்னியாவில் தனி ஆள் 12,500 வரை, டெக்சாஸில் 20,000 வரை கேட்கலாம். லோயர் இல்லாமலும் போகலாம். வழக்குப் போட இமிகிரேஷன் நிலை ஒரு தடை அல்ல. போக முன்னம் எங்களோடு ஒருக்கால் கதையுங்கள். அங்கே முதலில் கேட்கப்போவது 3 ஆம் பகுதியில் சொன்ன அந்தக் காகிதத்தைத்தான்.

நியூயோர்க் நகரத்தில் 2017 முதல், 800 டொலருக்கும் அதற்கு மேலும் உள்ள தனி வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். கலிபோர்னியாவில் 2025 முதல், கிராபிக் டிசைன் முதலான சில தொழில்களுக்கு 250 டொலரில் இருந்தே அப்படி. இனிக் காகிதம் கேட்கக் கூச்சம் வேண்டாம். "சட்டம் கேட்குது அண்ணை" என்று சொல்லலாம்.

8. ஒப்படைப்புத் தாள்

பக்கம் திறந்த அன்றே இதை அச்சடித்துக் கொடுங்கள்:

• டொமைன் எங்கே பதிந்தது, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும்
• ஹோஸ்டிங் எங்கே, மாதம் எவ்வளவு
• உள்ளே போகிற பெயர். பாஸ்வேர்டை அவரே வைத்து, அவரே மாற்றிக்கொள்ள வேண்டும்
• முழுப் பக்கத்தின் பிரதி எங்கே இருக்கிறது
• விலை, நேரம் மாற்றுவது எப்படி (படிப்படியாக, அவருக்கு விளங்குகிற மொழியில்)
• நான் கிடைக்காவிட்டால் யாரைக் கூப்பிடலாம்

விசாரணை உள்ள வாரத்தில் "இந்த ஐந்து நாள் வேலை இல்லை" என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அட்டை முடிந்து வேலையை நிறுத்த வேண்டி வந்தாலும் அப்படித்தான். இந்தத் தாள் அவரின் லாச்சியில் இருந்தால் கடை நடக்கும். நீங்கள் திரும்பி வரும்போது முதலில் கூப்பிடுகிறவரும் அவராகத்தான் இருப்பார்.

பயிற்சி

நான் படிப்பித்த ஆள். வீட்டுப்பாடம் தராமல் விட மனம் வராது. அனுமதி அட்டை இன்னும் வராதவர்களும் செய்யலாம்.

1. ஒரு கற்பனைச் சாப்பாட்டுக்கடைக்கு, 2 ஆம் பகுதியில் உள்ள ஐந்து கேள்விக்கும் பதில் எழுதுங்கள்.
2. அதே கடைக்கு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில்.
3. ஒப்படைப்புத் தாளை எழுதி, கொம்பியூட்டர் தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள்.

எழுதியதை ஆலோசனை மேசைக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.