செம்பை மீட்க எந்த வழி?

கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய செம்பு வாங்கி விற்பவர் மின்பகுப்புத் தொட்டி போட நினைத்தால், தொட்டியின் விலையைக் கேட்குமுன் தன்னிடம் வரும் செம்பு எந்த நிலையில் வருகிறது என்று பார்க்க வேண்டும். தூத்துக்குடி ஸ்டெர்லைட் செம்பு ஆலை 2018-இல் மூடப்பட்டதும் சுத்தச் செம்பை இந்தியா வெளிநாட்டிலிருந்து அதிகம் வாங்கத் தொடங்கியது. அதனால் ஒவ்வொரு கிலோவையும் வீணாக்காமல் எடுப்பது நாட்டுக்கும் நல்லது.

தோல் உரித்த சுத்தமான கம்பிக்கு மின்பகுப்பே வேண்டாம், உருக்கினால் போதும். ஈயம், வெள்ளி கலந்த செம்பை ஆனோடாக, அதாவது நேர்மின் தகடாக, வார்த்துச் சுத்திகரிக்கலாம். ஆனோடே கரைந்து எதிர்த் தகட்டில் படிவதால் 0.3 வோல்ட்டில் வேலை நடக்கும். டன்னுக்கு ஏறக்குறைய 300 யூனிட் மின்சாரம் ஆகும். வெள்ளியும் தங்கமும் அடியில் சேறாகத் தங்கும். அந்தச் சேற்றுக்கு நல்ல விலை உண்டு.

முலாம் பட்டறைக் கழிவுபோல் செம்பு கரைசலாகவே வந்தால் கதை வேறு. கரையாத ஆனோடில் ஆக்சிஜன் வெளியேற வேண்டியிருப்பதால் 2 வோல்ட் தேவை, டன்னுக்கு 2000 யூனிட் வரை போகும். லிட்டருக்கு 40 கிராம் செம்பு இருந்தால் தகடு வழவழப்பாக வரும். சில கிராமுக்கு இறங்கினால் பொடியாக உதிரும். சர்க்கியூட் போர்டு அரிக்கும் குளோரைடு திரவத்தை மட்டும் நேரே ஏற்றவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

செம்பு மிகக் குறைவான திரவத்தில் பழைய இரும்பைப் போட்டுச் செம்பைப் படியவைப்பதே மலிவு. கணக்குப்படி ஒரு கிலோ செம்புக்கு 880 கிராம் இரும்பு கரையும், நடைமுறையில் இன்னும் கூடும். அந்த இரும்புக் கரைசல் மின்பகுப்புத் தொட்டிக்குள் போய்விடக் கூடாது. அதிலுள்ள இரும்பு ஆனோடில் ஃபெரிக்காக மாறி, தகட்டருகே மின்சாரத்தைத் தின்றுவிடும், செம்பு குறைவாகவே படியும்.

கரையாத ஆனோடைப் பொறுத்தவரை ஈயக்கலவை மலிவானது. ஆனால் ஈயம் உதிர்ந்து தகட்டைக் கெடுக்கும். பூச்சிட்ட டைட்டானியம் விலை அதிகம் என்றாலும் சுமார் 0.3 வோல்ட் மிச்சமாகும். என்னைக் கேட்டால் முதல் செலவு ஆனோடுக்கல்ல: கரைசல் நன்றாகச் சுழல வேண்டும், தகடு தொங்கும் இடத்தில் துரு இருக்கக் கூடாது, தகடுகள் தொட்டு ஏற்படும் ஷார்ட்டை உடனே பிடிக்க வேண்டும். 1000 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1.186 கிலோ கிடைக்க வேண்டும். தகட்டை எடை போட்டுப் பாருங்கள், எவ்வளவு வீணாகிறது என்று தெரிந்துவிடும்.

மிஞ்சும் நீரைச் சுண்ணாம்பிட்டுச் செம்பைப் படியவைத்த பிறகே வெளியே விடலாம். 2009-லேயே பெருநகரக் கொச்சி கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி கைக்கு வருமுன் தொட்டிக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபையருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.