மனைப் பிரிவில் வெயிலும் நீர்வழியும்

நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டு எல்லைக் கற்கள் நடப்பட்டுவிட்டால், அதன் பின்னர் தெருவின் திசையை மாற்றுவது எளிதன்று. வீட்டை இடித்துக் கட்டலாம். தெருவை அவ்வாறு செய்ய இயலுமா? ஆகவே, ஒரு குடியிருப்பின் வெப்பமும் வெளிச்சமும் மழைநீரின் போக்கும் வரைபடம் தீட்டப்படும் அன்றே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. இவ்வுண்மையை உணர்ந்து விதிகள் வகுத்த ஊர்கள் உண்டு. அவற்றின் அனுபவத்திலிருந்து நமது ஊராட்சிகள் கொள்ளத்தக்க பாடம் யாது என்பதை ஆராய்வோம்.

டேவிஸ் காட்டிய வழி

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் சமவெளியில் டேவிஸ் நகரம் உள்ளது. 1970-களின் நடுவில் மைக்கேல் கார்பெட், ஜூடி கார்பெட் தம்பதியர் அங்கு ‘வில்லேஜ் ஹோம்ஸ்’ என்னும் குடியிருப்பை அமைக்கத் தொடங்கினர். சுமார் 240 குடும்பங்கள் வாழத்தக்க அக்குடியிருப்பில் தெருக்கள் கிழக்கு மேற்காக அமைந்தன. வீடுகள் தெற்கு நோக்கின. குளிர்காலத்தில் தென்திசையில் தாழ்ந்து செல்லும் சூரியனின் கதிர்கள் சன்னல் வழியே உட்புகுந்து வீட்டிற்கு வெம்மை தந்தன. கோடையில் உயர்ந்து நிற்கும் சூரியனை இறவாரம் தடுத்தது. மழைநீரைக் குழாயில் அடைக்காமல், புல் படர்ந்த ஆழமற்ற வாய்க்கால்களில் ஓடவிட்டு நிலத்தில் ஊறச் செய்தனர். தெருக்களைக் குறுக்கி மிச்சப்படுத்திய நிலத்தில் பொதுத் தோட்டங்களும் பழ மரங்களும் வளர்ந்தன.

1978-இல் கலிபோர்னியா இக்கருத்துக்குச் சட்ட வடிவம் தந்தது. புதிய மனைப் பிரிவு, இயற்கையாகவே வீடுகள் வெம்மையும் குளிர்ச்சியும் பெறுவதற்கு இயன்றவரை வாய்ப்பளிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரம், அண்டை வீட்டாரின் வெயிலைக் காப்பதற்கு 1982-இல் விதி செய்தது. மனையின் எல்லையில் ஒரு கற்பனைச் சுவர் நிற்பதாகக் கொள்வர். அதன் உயரம் சில பகுதிகளில் 12 அடி. வேறு சிலவற்றில் 25 அடி. டிசம்பர் 21-ஆம் நாள் காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, அச்சுவரின் நிழலுக்கு மிகுதியான நிழல் பக்கத்து மனையில் விழும்படி கட்டடம் எழுப்பலாகாது. அந்நகர மக்களே 1967-இல் வாக்களித்து, திறந்தவெளி நிலங்களை வாங்கிக் காப்பதற்கெனத் தம்மீது விற்பனை வரி விதித்துக்கொண்டனர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

நமக்குப் பொருந்துமா?

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நமக்கு இவ்விதிகள் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். திசை பற்றிய விதி நமக்கும் பொருந்தும், பயன்தான் வேறு. அவர்கள் வெம்மையை வரவேற்கவும் நாம் அதனைத் தவிர்க்கவும் ஒரே திசை உதவுகிறது. கிழக்கு மேற்காகச் செல்லும் தெருவில் வீடுகளின் முன்புறமும் பின்புறமும் வடக்கையும் தெற்கையும் நோக்கும். பக்கச் சுவர்களுக்குப் பக்கத்து வீடுகளே நிழலாகும். மாலை வெயில் முகப்பில் அறையாது.

நிழலின் அளவும் கணக்கிடத்தக்கதே. 10 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் நிழல், டிசம்பர் 21 நண்பகலில் போல்டரில் சுமார் 20 மீட்டர் நீளும்; திருச்சி வட்டாரத்தில் சுமார் 7 மீட்டரே நீளும். எனவே, சிறிய இடைவெளியே நமக்குப் போதும். ஆயினும் அதனையும் விடாமல் கட்டினால், தெற்கிலுள்ள மாடியின் நிழல் வடக்கு வீட்டாரின் கூரையிலுள்ள சூரிய மின்தகடுகளில் விழும். ஒரு தகட்டில் விழும் நிழல், அதனுடன் தொடராக இணைந்த பிறவற்றின் மின் உற்பத்தியையும் குறைத்துவிடும்.

நாம் கற்ற பாடம்

நாம் பணிபுரிந்த ஒன்றியம் ஒன்றில், விளைநிலம் ஒன்று மனைகளாகப் பிரிக்கப்பட்டது. கோடைக் காலத்தில் தலத்தைப் பார்வையிட்டோம். ஓடை வறண்டு, முள் மண்டிக் கிடந்தது. புலப்படத்தில் அவ்வோடை இருந்தது. மனை வரைபடத்தில் இல்லை. இரண்டையும் நாம் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. ஐப்பசி மழையில் ஓடை தன் பழைய வழியிலேயே வந்தது. சிறுகச் சிறுகச் சேமித்து வீடு கட்டியவர்களின் அடுப்படியில் முழங்காலளவு நீர் நின்றது. பின்னர் வெட்டிய வடிகாலால் அக்குறை முழுவதும் தீரவில்லை. அப்பிழையில் நமக்கும் பங்குண்டு.

செய்ய வேண்டுவன

தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, பெரிய மனைப் பிரிவுகளில் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும். எவ்வளவு என்பதை விதி கூறுகிறது. எந்த இடம் என்பதில் நாம் கருத்துச் செலுத்த வேண்டும். விற்பனைக்கு உதவாத மூலையைத் திறந்தவெளி என ஏற்பது முறையன்று.

ஆகவே, ஊராட்சித் தலைவர்களும் செயலர்களும் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

1. புலப்படத்தையும் மனை வரைபடத்தையும் அருகருகே வைத்து, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை ஆகியவற்றை ஒப்பிடுக.

2. மழைக் காலத்தில் நீர் எவ்வழி செல்கிறது என்பதை அவ்வூர் முதியோரிடம் கேட்டறிக.

3. திறந்தவெளியை ஓடைக்கரையை ஒட்டியும் முதிர்ந்த மரங்களைச் சூழ்ந்தும் அமைக்குமாறு வலியுறுத்துக.

4. இயன்றவரை தெருக்கள் கிழக்கு மேற்காகச் செல்லுமாறு வரைபட நிலையிலேயே கேளுங்கள்.

இவற்றிற்குத் தனி நிதி தேவையில்லை. கல் நடுவதற்கு முன் ஒரு நாள் தலத்தில் நடந்து பார்த்தால் போதும். அந்த ஒரு நாளை நாம் செலவிடத் தவறினால், அங்கு குடியேறும் மக்கள் ஒவ்வொரு மழையிலும் அதற்கு விலை கொடுப்பர்.